பதினாலாம் நம்பர் வீட்டுப் பதில்கள்

பதினாலாம் நம்பர் வீடு பொய் சொல்கிறது என்று அவள் முடிவு கட்டி ஆறு நாள் ஆகியிருந்தது.

வீடு எப்படிப் பொய் சொல்லும் என்று கேட்கக் கூடாது. அந்தத் தெருவிலிருந்த நூற்று முப்பது வீட்டுக்கும் நகராட்சி ஒரு வெள்ளைப் பெட்டி கொடுத்திருந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஒரு சின்னத் திரை, பச்சையில் ஒரு பொத்தான், சிவப்பில் ஒரு பொத்தான். காலை எட்டு மணிக்கு 'டிங்' என்று ஒரு சத்தம்... திரையில் ஒரு கேள்வி. குப்பை வண்டி வந்ததா? தெருவிளக்கு எரிந்ததா? குழாயில் தண்ணீர் வந்ததா? ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. கைப்பேசி இல்லாதவர்களும், இருந்தும் அதோடு மல்லுக்கட்ட முடியாதவர்களும் கூட நகராட்சியிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வந்த திட்டம். அந்தக் கேள்விகளை எழுதி அனுப்புவதும், வருகிற பதில்களைப் பார்த்து உரிய பிரிவுக்குத் தள்ளிவிடுவதும்தான் அவள் வேலை. தெருவில் அவளுக்குப் பெட்டிக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆரம்பத்தில் எல்லோரும் ஆசை ஆசையாக அமுக்கினார்கள். மூன்றாவது மாதம் பாதிப் பேருக்கு அலுத்துவிட்டது. பெட்டி மேல் துணி காயப் போட்டவர்கள் கூட உண்டு. பதினாலாம் நம்பர் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு நாளில் ஒரு நாள் தவறவில்லை. கேள்வி போன ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும். குப்பை வண்டி விஷயத்தில் சரியான பதில். விளக்கு விஷயத்தில் சரியான பதில். தண்ணீர் என்றால் மட்டும் எப்போதும் சிவப்பு!

தெருவின் தொடக்கத்திலுள்ள குழாயில் பொருத்திய சென்சாரோ, தண்ணீர் காலையிலும் மாலையிலும் தவறாமல் ஓடுகிறது என்று சத்தியம் செய்தது. சென்சார் பொய் சொல்லாது. அப்படியானால்...

அன்று அவளுக்கு விடுமுறை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. தூறலில் கிளம்பியவள், பதினாலாம் நம்பர் மாடிப்படி ஏறி மணியை அமுக்கும்போது மழை பிடித்துக்கொண்டு கொட்டியது.

கதவு திறந்தது. திறந்தவர் முகம் தெரியவில்லை. அவள் மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி... உயரமாக ஒரு நிழல், அவ்வளவுதான்.

"நகராட்சியிலேர்ந்து வரேன். உங்க வீட்டுப் பெட்டி ஏழு மாசமாப் பொய் சொல்லுது."

நிழல் கொஞ்சம் யோசித்தது.

"மொதல்ல கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க. யார்கூட சண்டை போடறோம்னு பாத்துட்டுப் போடலாம்ல..."

என்ன திமிர் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் கண்ணாடி அவன் கைக்குப் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்துத் துடைத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இடது கண்ணு மைனஸ் ரெண்டேகால். வலது ஒண்ணே முக்கால். ஃபிரேமோட மூக்குத் தண்டு கோணலா இருக்கே... யார் மாட்டிவிட்டாங்க இதை?"

அவள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். இப்போது முகம் தெரிந்தது. தூக்கம் பற்றாத, ஆனால் சிரிப்பை எங்கோ ஓரத்தில் ஒளித்து வைத்திருக்கும் கண்கள். அடுத்தவர் கண்ணையே பார்த்துப் பழகிய கண்கள்... பார்த்தால் விலகத் தெரியாத பார்வை. அவள்தான் முதலில் தலையைக் குனிந்தாள். குனிந்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன் என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டி என்றதும் அவனுக்கு ஞாபகமே வரவில்லை. நகராட்சி ஆட்கள் வந்து எதையோ மாட்டிவிட்டுப் போனது நிஜம்தான், வீட்டில் காலியாக இருந்த ஒரே பிளக் உள்ளறையில்தான் என்பதால் அங்கே மாட்டச் சொன்னேன், அதோடு சரி, தொட்டது கூட இல்லை என்றான்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. கையோடு கொண்டு வந்திருந்த டேப்லெட்டைத் திறந்து இருநூற்றுப் பன்னிரண்டு பதிலையும் அவன் முன்னால் நீட்டினாள். "நீங்க அமுக்கலைன்னா உங்க வீட்ல வேற யார் அமுக்கறாங்க?"

"எட்டு மணிக்கா?" அவன் சிரித்தான். "ஏழரைக்கே நான் பஸ் ஸ்டாப்ல நிப்பேன். அப்பாவைப் பாத்துக்க வேலைக்கு வர்ற அம்மா எட்டரைக்குத்தான் வருவாங்க. எட்டு மணிக்கு வீட்ல இருக்கறது அப்பா மட்டும்தான். அவருக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவருக்கு எதுவும் தெரியாதுங்க." அவன் குரல் இறங்கிவிட்டது. "பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பேச்சு போயிடுச்சு. சொல்றது எதுவும் ஏறலை. டாக்டருங்க கையைத் தூக்கச் சொல்லிப் பாத்தாங்க, கண்ணை மூடச் சொல்லிப் பாத்தாங்க... ஒண்ணும் இல்லை."

உள்ளறையில் ஜன்னலோரம் ஒரு கட்டில். சாய்ந்து உட்கார்ந்த நிலையில் பெரியவர். ஒரு காலத்தில் மில்லில் டைம் கீப்பராக இருந்தவராம். ஆயிரம் பேர் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று நிமிடம் பிசகாமல் குறித்தவர். இப்போது வலது கை மடியில் துணி மாதிரி கிடந்தது. முகம் தெருவைப் பார்த்திருந்தது. இடது கைக்கு எட்டும் தூரத்தில், சுவரில், அந்த வெள்ளைப் பெட்டி.

அப்பா என்று அவன் கூப்பிட்டான். பெரியவர் திரும்பவில்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள் அவள். தண்ணீர், குப்பை எல்லாம் வேண்டாம், இவர் வீட்டு விஷயம் ஒன்றைக் கேட்கலாம். டேப்பில் தட்டினாள். 'உங்கள் மகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாரா?'

டிங்.

பெரியவர் முகம் ஜன்னலை விட்டு மெல்லத் திரும்பியது. கண்கள் திரையில் ஊர்ந்தன. இடது கை எழுந்தது... நடுங்கியது... நிதானமாகப் போய்ப் பச்சையில் அமுங்கியது.

அவள் கையிலிருந்த டேப் நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள். தற்செயலாக இருக்கலாம் என்று அவன் முணுமுணுத்தான். தனக்கே சொல்லிக்கொள்வது போலிருந்தது. எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்டாள். தானும் அக்காவும், இரண்டு என்றான். 'உங்களுக்கு மூன்று பிள்ளைகளா?' என்று அனுப்பினாள்.

சிவப்பு. இந்த முறை கை நடுங்கக் கூட இல்லை. இது கூடவா கேட்பார்கள் என்பது போல.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு கையை நீட்டி டேப்பைக் கேட்டான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். 'அப்பா, நான் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா?'

டிங்.

பெரியவர் படித்தார். வெகு நேரம் படித்தார். அப்புறம் மகனைப் பார்த்தார்... சிவப்பை அமுக்கினார்.

இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. புரியவில்லை என்கிறவர் எப்படிப் பதில் சொல்கிறார்? அவளுக்குத்தான் முதலில் பொறி தட்டியது.

"பேசறதுதான் புரியலை..." என்றாள் மெல்ல. "எழுதினா புரியுது."

இரண்டு வருடமாக எல்லோரும் அவரிடம் பேசித்தான் பார்த்தார்கள். டாக்டர் பேசினார், மகள் அழுதுகொண்டு பேசினாள், மகன் கெஞ்சிப் பேசினான். அவர் காதுக்கு அது அத்தனையும் வெறும் இரைச்சல். ஒரு காகிதத்தில் ஒரு வரி எழுதிக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அவன் எழுந்து எதையெதையோ உருட்டி ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்தான். பின்பக்கத்தில் பெரிதாக எழுதினான். அப்பா, நான்தான். அதைப் பெரியவர் முகத்துக்கு நேரே பிடித்தான். பெரியவரின் இடது கை தாளைத் தொடவில்லை. நேராக வந்து மகனின் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டது. விடவே இல்லை.

அவள் சமையலறைக்குப் போய், சும்மா தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடியை இந்த முறை அவளே துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அரை மணி கழித்து அவன் வந்து காபி போட்டான். சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டான். அவள் அப்படியே குடித்தாள். அடுத்த மாதம் முதல் தேதி அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தது என்று அவன் சொன்னான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. இன்னும் பதினோரு நாள்...

"நீங்க பன்னெண்டு நாள் கழிச்சுச் சண்டைக்கு வந்திருந்தீங்கன்னா..."

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

மழை விட்டிருந்தது. ஐந்து மணிக்கு அவள் டேப்பில் சென்சார் 'தண்ணீர் ஓடுகிறது' என்று காட்டியது. ஏதோ தோன்றி, பெரியவர் கட்டிலருகே குனிந்து, அவர் பார்க்கும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். சென்சார் இருந்த குழாய் தெருவின் தொடக்கத்தில்; இது தெருக்கோடியில், வேறொரு பொதுக்குழாய். பின்சந்துக்காரர்கள் வாளியோடு நின்றார்கள். குழாய் இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான். சொட்டு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாளிகள் காலியாகவே திரும்பின.

பின்சந்து வீடுகளுக்கு நகராட்சி பெட்டி கொடுக்கவில்லை. அவர்களுக்காக ஏழு மாதமாக ஒரே ஒரு கை சிவப்பை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் அவள் பொய் என்று எழுதி வைத்திருந்தாள்.

கிளம்பும்போது அவன் வாசலில் நிறுத்தினான். ஒரு நிமிஷம் என்று சொல்லி, அவள் கண்ணாடியைக் கழற்றி மூக்குத் தண்டை விரலால் மெல்ல வளைத்தான். தானே மாட்டிவிட்டான். காதோரம் அவன் விரல் பட்டதா... படவில்லையா...

"இப்ப எப்படி இருக்கு?"

"கோணலா இருந்தது எனக்குத் தெரியவே இல்லை."

"போட்டிருக்கறவங்களுக்குத் தெரியாது. பாக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

அந்தத் தெருவை அவள் எப்படி நடந்து கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மேலதிகாரியம்மா தன் அறைக்குக் கூப்பிட்டு, கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் மூன்று கேள்விகள். மூக்குக்கண்ணாடிக் கடை. மூன்று பிள்ளைகள். அப்பா, நான் பேசுவது... ஒவ்வொன்றின் மேலேயும் சின்ன எழுத்தில் ஒரு வரி. 'அனுப்பிய இடம்: தெரு முழுவதும்.'

தினமும் தெரு முழுவதற்கும் அனுப்பியே பழகிய கை. ஒரு வீட்டுக்கு மட்டும் என்று மாற்ற மறந்திருக்கிறது. அவனுடைய அந்தக் கேள்வி... தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அவன் தேடித் தட்டிய அந்தக் கேள்வி... நூற்று முப்பது வீட்டுச் சுவரிலும் டிங் என்று மணியடித்துப் போயிருக்கிறது.

"கடைசிக் கேள்விக்கு எழுபத்தொரு பேர் பதில் சொல்லியிருக்காங்க," என்றார் அதிகாரியம்மா. கோபமா வியப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "தண்ணி வந்துதான்னு கேட்டா முப்பது பேர் கூடத் தேறாது. இதுக்கு எழுபத்தொண்ணு. அதுல முப்பத்தெட்டு பேர் இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்தரை மணிக்கு அவன் வந்தான். நேற்றைய ஆள் இல்லை. கண்ணில் ஒளித்து வைத்திருந்த அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அக்காவிடம் தான் சொல்வதற்கு முன்னால் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ போன் செய்து சொல்லிவிட்டார்களாம். அக்கா இரவெல்லாம் அழுதாளாம். கடைக்கு வந்தவர் ஒருவர், உங்கப்பாவுக்கு நீங்க பேசறது இப்பவாவது புரியுதா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

"என் வீட்டுக்குள்ள நடந்ததைத் தெருவுக்கே போட்டுக் காட்டிட்டீங்க."

"தெரியாமத்தான்..."

"தெரியாமன்னு மட்டும் சொல்லாதீங்க. ரெண்டு வருஷமா அப்பாவுக்கு எதுவும் தெரியாதுன்னு நானும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன்."

எழுதிக் கொண்டு வந்திருந்த புகாரை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

மாலைக்குள் அவளுக்கு மெமோ வந்தது. கேள்வி எழுதும் வேலை பறிபோயிற்று. விசாரணை முடியும்வரை பழைய கோப்பு அறையில் உட்காரச் சொன்னார்கள். தன் பக்க விளக்கத்தை அவள் எழுதிக் கொடுத்தாள். தவறு என்னுடையதுதான் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டாள். இரண்டாவது பத்தியில் பின்சந்துக் குழாயைப் பற்றி எழுதினாள். அதை யாராவது படிப்பார்களா என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு முறை அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். தம்பி வேலைக்குப் போயிருக்கு, யாரையும் உள்ளே விட வேண்டாம்னு சொல்லியிருக்கு என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். உள்ளே போகிற வழியெல்லாம் காகிதங்கள் ஒட்டியிருந்தது தெரிந்தது. சாப்பாடு. தண்ணீர். வலிக்கிறதா. அக்கா வருகிறாள்... எல்லாம் பெரிய பெரிய எழுத்தில், அவன் கையெழுத்தில். அவள் படி இறங்கினாள்.

கோப்பு அறையில் வேலை ஒன்றும் கிடையாது. பழைய பதில்களைத் திறந்து பதினாலாம் நம்பரை மட்டும் படித்துக்கொண்டிருப்பாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், என்ன கேட்பது என்றே தோன்றாமல், யாரும் படிக்கப் போவதில்லை என்ற சலிப்பில், 'இன்று வானத்தைப் பார்த்தீர்களா?' என்று அனுப்பியிருந்தாள். அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அன்று தெரு முழுவதிலும் நாலே நாலு பதில். அதில் ஒன்று பதினாலாம் நம்பர். பச்சை. எட்டு மணி, பன்னிரண்டாவது வினாடி.

இவரோடு இத்தனை நாளும் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேனா...

பதினெட்டாம் நாள் விசாரணை.

அதிகாரியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள். புகார் கொடுத்தவரும் வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். அவன் உள்ளே வந்தான். நாலு நாள் தாடி. அவளைப் பார்க்கவில்லை.

புகாரை வாபஸ் வாங்க வந்திருக்கிறேன் என்றான்.

அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. கொடுத்த புகாரை வாபஸ் வாங்க விதியில் இடமில்லை, வேண்டுமானால் கூடுதலாக ஏதாவது சொல்லலாம் என்றார்கள். அப்படியானால் சொல்கிறேன் என்று அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

அது அவனுடைய வாக்குமூலம் இல்லை. பெரியவருடையது. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் எழுத்துகள் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறாராம். பெரியவர் இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொடுவார், பக்கத்திலிருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஆறு வரிக்கு மூன்று நாள் ஆயிற்று என்று சொல்லிவிட்டு அவன் படித்தான்.

"நான் பதினாலாம் நம்பர். தெருக்கோடிக் குழாயில் இருநூற்று முப்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை. கேட்டபோதெல்லாம் சொன்னேன். இரண்டு வருஷத்தில் என்னைக் கேள்வி கேட்டது அந்தப் பெட்டி மட்டும்தான். அதை எழுதினது இந்தப் பெண். எட்டு மணிக்காகத்தான் நான் விழித்தேன்."

படித்து முடித்து அவன் தாளை மடித்தான். அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இருநூற்று முப்பது நாளா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் கோப்பைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில், அவளுக்கு எச்சரிக்கையோடு வேலை திரும்பக் கிடைத்தது. அன்று மதியமே குழாய்ப் பிரிவு ஆட்கள் தெருவைத் தோண்டினார்கள். பாதி வழியில், தெரு திரும்பும் இடத்தில், அடைப்பு இருந்தது. அதெல்லாம் பிறகு.

அவள் வெளியே வந்தபோது மாடிப்படித் திருப்பத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். வாசலில் மழை. ஊரே அந்தப் படியில் ஒதுங்கியிருந்தது. திட்டு வாங்கத்தான் இன்னும் பாக்கி என்று நினைத்துக்கொண்டு அவள் கிட்டே போனாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

ரொம்ப அதிகாரம் பண்ணுகிறார் என்றான் அவன். பராமரிப்பு இல்லத்துக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. கீழ் வீட்டுத் தையல்காரர் ஒரு நாள் மேலே வந்து உட்கார்ந்தாராம். நான்தான் அன்னைக்கு இல்லைன்னு அமுக்கினேன், என் பையன் பேசறது எனக்கு ஒண்ணும் புரியலை, அவனும் என்கிட்ட பேசறதை விட்டுட்டான் என்று சொல்லிவிட்டு அழுதாராம். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்தாராம். முனை வீட்டிலிருந்து இன்னொருவர்...

"தெருவே பாத்து சிரிக்குதுன்னு நெனச்சேன். அவங்க சிரிக்கலைங்க." அவன் மழையைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கு உங்க மேல கோபமே இல்லை. என் மேலதான். அதைத் தூக்கி உங்க மேல போட்டுட்டேன். மன்னிச்சுடுங்க."

பதினெட்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் அவளிடம் இருந்தது. அதை அவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

"இன்னொண்ணு இருக்கு," என்றான். இப்போது அவன் காது சிவந்திருந்தது. "முந்தாநாள் அப்பா ஒண்ணு கேட்டார். மூணாவது எழுத்திலேயே என்ன கேக்கறார்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. ஆனா குறுக்க பேச முடியுமா... இருபது நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன்."

"என்ன கேட்டார்?"

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டார்."

மழை இன்னும் வலுத்தது. பக்கத்தில் நின்ற யாரோ குடையை உதறினார்கள். அவள் மேல் சாரல் தெறித்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"நீங்க... என்ன எழுதினீங்க?"

"தெரியாதுன்னு எழுதினேன். அதுக்கு அவர் என்னை ஒரு பார்வை பாத்தார் பாருங்க. மில்லுக்கு லேட்டா வர்றவங்களை அப்படித்தான் பாத்திருப்பார்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. இது என்ன கூத்து என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"பதினெட்டு நாளா ஆபீஸ்ல யார் வந்து நின்னாலும் நீங்கதான்னு எழுந்து நின்னேன்," என்றாள். சொல்லிக்கொண்டிருப்பது தான்தானா என்ற திகைப்போடு சொன்னாள். "போன வாரம் தபால்காரர் வந்தார். அவருக்கும் எழுந்து நின்னேன். பாவம், பயந்துட்டார்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்த முதல் நாள் பார்வை. விலகத் தெரியாத பார்வை. இந்த முறை அவள் தலை குனியவில்லை.

"நான் தினமும் ஆயிரம் கண்ணுக்கு அளவு பாத்துக் கண்ணாடி பண்றவன். எதையும் பாத்த உடனே சொல்லிடுவேன்," என்றான். குரல் தடுமாறியது. "உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு மட்டும் பதினெட்டு நாள் ஆச்சு. கதவைத் திறந்தப்பவே தெரியும்... அப்ப உங்களுக்குத்தான் என்னைத் தெரியலை."

படியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மழையில் இறங்கிப் போக ஆரம்பித்திருந்தார்கள். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அப்பாவை ரொம்ப நேரம் காக்க வைக்காதீங்க," என்றாள் கடைசியில். "போய் எழுதிக் காட்டுங்க."

"என்னன்னு?"

"இன்னும் ஆகலைன்னு..." இரண்டு படி இறங்கியவள் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அந்த 'இன்னும்'ங்கறதைக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க."